மல்லாந்து கிடந்த சிலந்தி

மீன் தொட்டி விற்கிறவனிடம் மீனைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுப் போகும் வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளியவர்களுக்கு இது புரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் சிராங்கூன் சாலைப் பக்கம் காதர் பாய் கடையில் வேலை பார்த்தேன். கண்ணாடி, சரளைக்கல், காற்றுக் குழாய், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம்.

வெள்ளைக் கல்

கப்பல் பட்டறையில் வேலை செய்த செபஸ்தியான் அண்ணன் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புச் சிலந்தி, உடம்பெல்லாம் மயிர். கப்பலில் போகும் நண்பர் தாய்லாந்திலிருந்து கொண்டுவந்து வளர்த்ததாம். கிறிஸ்துமஸுக்கு அவர் திரும்பும்வரை உயிரோடு பார்த்துக்கொள்வதாக அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். அது குழி தோண்டும் என்பதைத் தவிர நண்பர் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

உயரமான தொட்டி, வெள்ளைச் சரளை, டியூப் லைட், ஒரு பிளாஸ்டிக் கோட்டை என்று தங்கமீனுக்குச் செய்வதுபோல ஜோடித்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் அண்ணன் திரும்பி வந்தார். சிலந்தி கண்ணாடி மூலையிலேயே தொங்குகிறதாம், ஒரு தடவை தொப்பென்று விழுந்தும் விட்டதாம். "தம்பி, அது தரையில காலே வைக்க மாட்டேங்குது. நீ போட்ட கல்லு பிடிக்கலையா, இல்ல என்னையே பிடிக்கலையா?"

மண் தரிசனம்

கல்லில் எப்படிக் குழி தோண்டும் என்று காதர் பாய்தான் கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பூன் லேயில் அண்ணன் வீட்டுக்கே போய், தொட்டியில் முக்கால்வாசி ஈர மண்ணை நிரப்பி அழுத்தினேன். இனி விழுந்தாலும் அடிபடாது. கண்ணாடியை ஒட்டிக் கட்டைவிரலால் ஒரு பள்ளம் வைத்து, வலை மூடி போட்டேன். சாயங்காலமே சிலந்தி மண்ணைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. போனது போனதுதான், வெளியே தலை காட்டவில்லை. அண்ணன் மனைவி மேரி அக்கா கடைக்கு போன் போட்டார். "கோயில் ஆளுங்க எல்லாம் சிலந்தி பார்க்க வர்றாங்க. மண்ணைப் பார்த்துட்டு, டீ குடிச்சிட்டுப் போறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

சாத்திய வாசல்

டிசம்பரில் அது குழி வாயையே நூலும் மண்ணுமாக அடைத்துக்கொண்டது. பறவைக் கடையிலிருந்து வாங்கிப் போட்ட வெட்டுக்கிளி மேலே நிம்மதியாக உலாவியது. நண்பரின் கப்பல் வரப்போகிறது, தோண்டிப் பார்க்கலாமா என்று அண்ணன் தவித்தார். தோண்டலாம் என்றும் தோன்றியது, வேண்டாம் என்றும் தோன்றியது. பாய் மட்டும் கணக்குப் பார்த்தபடி சொன்னார்: "கடை சாத்தியிருந்தா கதவைத் தட்டாதீங்க லா."

என் தீர்ப்பு

ஒரு சனிக்கிழமை அண்ணன் அவசரமாகக் கூப்பிட்டார். பஸ் பிடித்து ஓடினேன். கண்ணாடி வழியாகக் குழிக்குள் பார்த்தால் சிலந்தி மல்லாந்து கிடக்கிறது, அசைவே இல்லை. எங்கள் தொழிலில் மீன் மல்லாந்தால் முடிந்தது, வலையில் அள்ளிப் பேப்பரில் சுற்ற வேண்டியதுதான். போய்விட்டது என்று டாக்டர் மாதிரி சொன்னேன். அண்ணன் சோபாவில் உட்கார்ந்துவிட்டார், நண்பர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றார். அதுவரை சிலந்தியைத் திட்டிக்கொண்டிருந்த மேரி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குப் பூசை முடிந்து வந்து கீழே புதைக்கலாம், அதுவரை யாரும் தொடக்கூடாது என்றார்.

ஞாயிறு மதியம் கடை போன் அடித்தது. எடுத்தால் அண்ணன். "தம்பி, உள்ள இப்ப ரெண்டு கிடக்கு. ஒண்ணு வெறும் கூடு, ஒண்ணு பளபளன்னு காலை ஆட்டுது. கூட்டாளிகிட்ட நான் எதைக் குடுக்கிறது?"

தோல் உரிக்கப் படுத்த சிலந்திக்கு மரணச் சான்று கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அன்றிலிருந்து மீனைத் தவிர மல்லாந்து கிடக்கும் எதற்கும் நான் ஒரு நாள் தவணை கொடுத்துவிடுகிறேன்.