என் படத்தில் ஒரு சீக்கு மரம்

எண்ணெய் தரும் செம்பனை மர ஆராய்ச்சியில் இருந்த டாக்டர் ஒருவர் ஓய்வு பெறுகிறார். அவரோடு வேலை செய்தவர்கள் அவருடைய உருவப்படத்தை என்னை வரையச் சொல்லியிருந்தார்கள். ஆபீஸில் மாட்டுவதற்கு முன் காட்டிவிடலாம் என்று இன்று பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன்.

மனிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தில் தனக்குப் பின்னால் நின்ற செம்பனையையே உற்றுப் பார்த்தார்.

"இந்த மட்டை ஏம்மா மஞ்சளா இருக்கு?"

"வெயில் படுது டாக்டர்."

"வெயில் இல்லம்மா, மெக்னீசியம் பத்தல. என் படத்துலயே சீக்கு மரமா? ஆபீஸ்ல சிரிப்பாங்க லா!"

எனக்குச் சுருக்கென்றது. "நேர்ல பார்த்துத்தான் வரைஞ்சேன் டாக்டர். நியாலாஸ்ல எங்க மாமா தோட்டத்து மரம்."

சட்டென்று நிமிர்ந்தார். "அப்போ மரத்துக்கே சீக்குதான். மாமாவுக்கு இப்பவே போன் போடு."

அரை மணி நேரம் பேசினார்கள். காய்ப்பு குறைந்ததற்கு மாமா இரண்டு வருடமாக வெயிலைத்தான் திட்டிக்கொண்டிருந்தாராம். நாளைக் காலை டாக்டரே தோட்டத்துக்குப் போகிறார்.

"மஞ்சள மாத்தாதம்மா. அச்சு அசலா வரைஞ்சிருக்க" என்றார் நான் கிளம்பும்போது.

மட்டையைத்தான் சொன்னார். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரைத் தெரிந்தவர்கள் யாராவது படத்தைப் பார்த்துச் சொல்லுங்களேன்.