கோர்வெட்டின் வலப்பக்க இருக்கை

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் ஒருமுறை, பழைய கார்களைத் திருத்தி விற்கிற என் கராஜுக்கு வந்து பாருங்கள், லுசேர்ணில் இருந்து பஸ்ஸில் ஏறினால் அதிக தூரமில்லை. பேய் பிசாசு என்று யாராவது கதைத்தால் சிரிக்கிற ஆள்தான் நானும். பெயின்ற் மணத்துக்குள்ளேயே கிடந்து மூளை பிசகிவிட்டது என்று என் மனைவி சொல்கிறாள். சொல்லட்டும். நடந்தது நடந்ததுதான்.

போன வருடம் ஒரு கோர்வெட் வாங்கினேன். 1969ஆம் ஆண்டு அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். நீண்ட மூக்கு, இரண்டே இரண்டு இருக்கைகள்: ஓட்டுகிறவருக்கு இடப்பக்கம், கூட வருகிறவருக்கு வலப்பக்கம். ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில், மாட்டுக் கொட்டிலுக்குள் பல வருடமாகத் தூசி மூடிக் கிடந்தது. விற்றவர் ஹெட்விக் என்ற வயதான சுவிஸ் அம்மா. செத்துப்போன தன் தம்பியின் கார் என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் நாளைக்கு வாங்குகிறவனுக்கு நானும் அதைச் சொல்லவேண்டி வரும்.

பிரித்துப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. வலப்பக்கக் கதவுக்குள் சாம்பல் நிறச் சேறு படிந்திருந்தது. ஏரிச் சேறு. வலப்பக்க இருக்கையின் பெல்ற் கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது. அதை அறுத்துத்தான் யாரையோ வெளியே எடுத்திருக்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் சேற்றைக் கழுவினேன். பழைய பெல்ற்றைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியது பூட்டினேன். எட்டு மாதம் மாடாக உழைத்து, கடைசியில் செர்ரிச் சிவப்பில் பெயின்ற் அடித்தேன். விற்பனை விளம்பரத்தில் ‘விபத்தே காணாத கார்’ என்று எழுதினேன். கூசாமல்தான் எழுதினேன். அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

விளம்பரத்தைப் பார்த்து முதலில் அழைத்தவர் லோசானில் இருக்கும் மகேஸ்வரன் அண்ணை. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தன் வீட்டில் படுக்க இடம் தந்து, எனக்கு வேலையும் தேடித் தந்த மனிதர். அவருடைய மகள் சரணியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் மண்டப வாசலில் வந்து இறங்க ஒரு நல்ல கார் வேண்டுமாம். எல்லாரையும்போல வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாகவே வாங்கப் போகிறாராம். ஒரு சுவிஸ்காரன் என்றால் காரைத் தூக்கி அடிப்பக்கம் பார்ப்பான். நிபுணரின் சான்றிதழ் கேட்பான். அண்ணை ஒன்றுமே கேட்கவில்லை.

“தம்பி, நீ செய்த கார் தானே. பிறகென்னத்தைப் பாக்கிறது?”

“ஓம் அண்ணை,” என்றேன்.

கல்யாண வீட்டில் அபசகுனமாகக் கதைக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்க, ஐப்பசி மாதச் சனிக்கிழமை, காரைக் கொடுக்க நானே ஓட்டிக்கொண்டு போனேன். பிற்பகல் 3.10க்குப் புறப்பட்டேன். பேர்ண் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. எஞ்சின் பூனைபோல உறுமிக்கொண்டு ஓடியது. பேர்ண் தாண்டியதும் மூடுபனி இறங்கியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டிக்.

ஏதோ திருகாணி இளகிவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மறுபடியும்... டிக். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. உள்ளே இருந்து. என் பக்கக் கண்ணாடி தெளிவாகவே இருந்தது. எட்டித் துடைத்தேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, மறுபடியும் ஆவி படிந்தது. பக்கத்தில் யாரோ இருந்து மூச்சு விடுவதுபோல.

ஃப்ரீபூர்க்குக்குக் கிட்ட ஓர் ஓய்விடத்தில் காரை நிறுத்தினேன். இறங்கிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு திருகாணியும் இளகவில்லை. ஆனால் கார் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே இரண்டு விரல் இடைவெளி இருக்கும்படிதான் நான் ஸ்பிறிங் பூட்டியிருந்தேன். இடப்பக்கம் இரண்டு விரல் நுழைந்தது.

வலப்பக்கம் ஒரு விரல்தான் நுழைந்தது.

காருக்குள் ஒருவரும் இல்லை.

திரும்பிப் போயிருக்கலாம். அண்ணையிடம் என்ன சொல்லித் திரும்புவது? ஏறி ஓட்டினேன்.

வெவே பக்கம் மலை இறங்கும்போது மூடுபனி விலகியது. கீழே லோசான் பக்கத்து ஏரி தெரிந்தது. கறுப்பாக, அசையாமல்...

டிக். டிக். டிக்.

பார்க்காதே என்று மனம் சொன்னது. பார்த்தேன்.

வலப்பக்க பெல்ற் பூட்டியிருந்தது. நான் பூட்டவில்லை. அதன் சிவப்புப் பொத்தான் தானாக உள்ளே போனது. வெளியே வந்தது. யாரோ பெருவிரலால் அமத்தி அமத்திக் கழற்றப் பார்ப்பதுபோல.

டிக். டிக். டிக். டிக்.

பெல்ற் கழலவில்லை.

தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். லோசானில் அண்ணை வீட்டு வாசலில் நிறுத்தும்போது மணி 5.50. சத்தம் நின்றுவிட்டது. பெல்ற் கழன்று தன் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணையின் மனைவி கோசலா அக்கா புதுக் காருக்கு ஆலாத்தி எடுக்கத் தட்டோடு இறங்கி வந்தா. சக்கரங்களுக்குக் கீழே வைக்கத் தேசிக்காயும், வெட்டக் கத்தியும் கொண்டுவந்தா. அண்ணை காரைத் தடவித் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. சரணியா ஓடி வந்தாள்.

“சித்தப்பா, நான் ஒருக்கா ஏறி இருந்து பாக்கட்டோ?”

இப்ப சொல்லு, இப்ப சொல்லு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயில் வந்தது வேறு.

“ஏறி இரு பிள்ளை.”

ஏறினாள். பெல்ற் போட்டாள். கைபேசியைத் தூக்கி ஒரு படம் எடுத்தாள். பிறகு பொத்தானை அமத்தினாள்.

டிக்.

“சித்தப்பா... இது கழலுதில்லை.”

“அவளுக்கு இறங்க மனமில்லை,” என்று அக்கா சிரித்தா.

நான் குனிந்து அமத்தினேன். இரண்டு பெருவிரலாலும் அமத்தினேன். பொத்தான் போனது, வந்தது. பெல்ற் கழலவில்லை. கண்ணாடியில் ஆவி படியத் தொடங்கியது.

“கால் நனையுது.”

“என்ன?”

“தண்ணி... குளிருது சித்தப்பா!”

கீழே தொட்டுப் பார்த்தேன். கம்பளம் காய்ந்து கிடந்தது.

“முழங்காலுக்கு வந்திட்டுது!”

அக்காவின் கையில் இருந்த கத்தியைப் பறித்து பெல்ற்றை அறுத்தேன். ஒரு நூல்கூட அறவில்லை.

சரணியா கத்துவதை நிறுத்திவிட்டாள். நாடியை மேலே தூக்கினாள். கழுத்துவரை தண்ணீரில் நிற்பவர்கள் தூக்குவதுபோல. வாயை இறுக்கி மூடினாள்.

மூச்சு விடவில்லை...

“அண்ணை!” என்று கத்தினேன். “இது அடிபட்ட கார்! தண்ணிக்குள்ள விழுந்தது! எனக்குத் தெரியும், நான் ஒளிச்சிட்டன்!”

டிக்.

பெல்ற் தானாகக் கழன்றது.

நான் தொடவே இல்லை.

சரணியாவை வெளியே இழுத்து எடுத்தோம். அவளுடைய காலுறை காய்ந்துதான் இருந்தது. அக்கா அதைக் கழற்றினா. பாதம் மட்டும் வெகு நேரம் தண்ணீரில் ஊறியதுபோல வெளிறிச் சுருங்கியிருந்தது.

அண்ணை என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை.

“காரைக் கொண்டு போ தம்பி,” என்றார்.

அப்போதும் தம்பி என்றுதான் சொன்னார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அந்தக் காரில் மறுபடி ஏற எனக்குத் துணிவில்லை. லொறியில் ஏற்றித்தான் கொண்டுவந்தேன். அடுத்த கிழமை கல்யாணம் வாடகைக் காரோடு நல்லபடி நடந்ததாம். எனக்கும் அழைப்பு இருந்தது. எந்த முகத்தோடு போவது?

ஹெட்விக் அம்மாவிடம் போனேன். இந்தமுறை கேட்டேன். அவர் யன்னலுக்கு வெளியே தெரிந்த ஏரியைக் காட்டினார். தன் தம்பியும் அவன் மனைவியும் அந்தக் காரோடுதான் ஏரிக்குள் விழுந்தார்களாம். தம்பி நீந்தி வந்துவிட்டான். மனைவி வரவில்லை.

“அந்த பெல்ற்றை அவனே எங்கேயோ பழையதாக வாங்கிப் பூட்டினான். பொத்தான் இறுகிக்கொள்ளும் என்று அவனுக்கு முன்பே தெரியும்,” என்றார். “சாகும்போது என்னிடம் மட்டும் சொன்னான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏறமாட்டாள் என்று.”

கார் இப்போதும் என் கராஜின் பின்பக்கம் நிற்கிறது. விற்பனைக்குத்தான். விளம்பரத்தில் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். ஒருவரும் அழைக்கவில்லை. இரண்டு பெல்ற்றுகளையும் நானே கழற்றிக் கொண்டுபோய் எறிந்துவிட்டேன். இப்போது அந்தக் காருக்குள் பொத்தான் என்று ஒன்றுமே இல்லை.

போன கிழமை ஒரு வாடிக்கையாளர் தன் பழைய காரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்தார். அடிப்பக்கம் கொஞ்சம் துரு இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. அவரும் அவசரத்தில் நின்றார்.

“எல்லாம் சரி,” என்றேன்.

பின்பக்கம், இருட்டுக்குள்ளே இருந்து...

டிக்.