கப்பலில் வராத பேரிங்

செய்தி வந்தபோது நான் சலூன் நாற்காலியில் இருந்தேன். தாமல் கிராமத்து பம்பு பிட்டர் கன்னியப்பன் காலையில் போய்விட்டார் என்றார்கள். ஒரு கன்னம் மட்டும் சவரமாகியிருந்தது. அப்படியே பஸ் ஏறிவிட்டேன். துக்க வீட்டில் அதைப் பார்த்து, எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள். என் மகள்கள்தான் பிறகு சிரித்தார்கள்.

வெளிநாட்டு உதவியோடு தாமல் கிணற்று மேட்டில் நட்ட காற்றாடிப் பம்பு உங்களுக்கெல்லாம் ஞாபகமிருக்கும். டீசலுக்கு வரிசையில் நின்ற காலம் அது. அதைக் கவனித்துக்கொண்ட கன்னியப்பன், "காத்துக்கு எந்த நாட்டுக்காரனும் பூட்டு போட முடியாதுபா" என்பார்.

பிறகு காற்றாடியைச் சுழலவைக்கும் பேரிங் உடைந்தது. புளியங்கட்டையைக் கடைந்து, விளக்கெண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினார். பதினோரு நாள் ஓடியது. அதற்குமேல் முடியாமல், பம்பை நட்டுப் போன வெளிநாட்டு இன்ஜினீயருக்குக் கடிதம் போட்டோம். எழுதியவன் நான். பட்டுச் சங்கத்துக் குமாஸ்தா, எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு முறை எழுதியவன். என் ஆங்கிலம் புரிந்து அவர் பதில் போட்டதே பெரிய விஷயம்.

நம் நாடு அணுகுண்டு சோதித்ததால் அவர்கள் அரசாங்கம் உதவியை நிறுத்திவிட்டது, சாமான் அனுப்ப வழியில்லை, வருந்துகிறேன் என்று பதிலில் இருந்தது. சைக்கிளைப் பிடித்தபடி கன்னியப்பன் என் முகத்தையே பார்த்தார்.

"இன்னாபா, அனுப்பறாரா?"

"அனுப்பறாருபா. கப்பல்ல வருது."

ஒரு வாரத்தில் உண்மையைப் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதை நம்பி மூன்று குடும்பங்கள் ஆயில் இன்ஜின் ஏற்பாடு செய்யவில்லை. கதிர் பிடிக்கும் நேரத்தில் பயிர் காய்ந்துபோயிற்று. டீக்கடையில் அவரைப் பொய்யன் என்றார்கள். கப்பல்காரன் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவரோ, "அந்த மனுசன் வாக்கு தவற மாட்டாரு. கப்பல் லேட்டாவுது, அவ்ளோதான்" என்று, பார்க்க முடியாத தூரத்தில் இருந்தவருக்காக வாதாடினார். பக்கத்து பெஞ்சில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

நாடுகள் ஒன்றையொன்று நம்பாமல் போனதற்கு அவை காரணம் சொல்லும். கன்னியப்பன் கடைசிவரை இரண்டு பேரை நம்பினார். அதில் ஒருவன் நான். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நம்பிக்கைதான். வைத்துக்கொள்ளச் சுலபமான பொருள் இல்லை.

பாடை கட்டிக்கொண்டிருந்தபோது யாரோ, "கப்பல்காரரு கிளம்பிட்டாரு" என்றார்கள். அவர் மனைவி என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, கடுதாசி படிச்சவரு நீங்கதானே. இவரு பொய்யா சொன்னாரு?"

"இல்லமா" என்றேன்.

பொய் யார் சொன்னது என்று சொல்லவில்லை.