எஸ்ஹர் சொன்ன லாரிக்காரர்

மண்டபத்தில் ஆறு கட்டில் போட்டாயிற்று. இரத்தம் பிடிக்கும் பேக், ஊசி எல்லாம் தயார். ஒன்பதரை மணியாகியும் ஒரு டோனர்கூடப் படுக்கவில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் வாசலில் பேனரைச் சுற்றி நின்று சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அப்போது ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் இரத்த வங்கியில் மிஸ்ஸி. எங்கள் பக்கம் நர்சுகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தீபாவளி லீவு நெருங்கிக்கொண்டிருந்தது. லீவில் சாலை விபத்துகள் கூடும். ஓ குரூப் கையிருப்போ படுமோசம். அன்று சிலிபின் வட்டாரத்து இந்த முகாமில் கிடைக்கப்போகும் பேக்குகளைத்தான் நம்பியிருந்தோம்.

பேனரில் 'இரத்த தான முகாம்' என்று இருந்தது. முகாம் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் சிவபாலன் வாத்தியார் அதை அவிழ்க்கச் சொன்னார்.

"இரத்தம் வடசொல். குருதிக்கொடைன்னுதானே எழுதச் சொன்னேன்?"

பேனர் அடித்துக் கொண்டுவந்தவர் முனியாண்டி. சிம்பாங் பூலாய் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்தில் பிறந்து லாரி ஓட்டுபவர். பெரிய உருவம், பெரிய குரல்.

"குருதின்னா எங்காளுங்களுக்கு என்னா தெரியும் வாத்தியாரே? பேசாம டெர்மா டாரான்னு மலாய்ல போட்டுட்டுப் போலாம் லா!"

"தமிழ் மண்டபத்துலயா?"

இரண்டு பேர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டார்கள். சண்டையைத் தீர்க்க ஏதாவது கிடைக்குமா என்று அந்தச் சொல்லைப் போனில் தேடினேன். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்றேன்.

"ரெண்டு பேரும் கேளுங்க! சமஸ்கிருதம், இங்கிலீசு, இன்னும் பல பாஷைக்கெல்லாம் ஒரே தாய்மொழி இருந்துச்சாம். அதுல ரத்தத்துக்கு எஸ்ஹர்னு பேரு."

"யாரு எழுதி வச்சா?" என்றார் வாத்தியார்.

"யாரும் எழுதலை சார். பிள்ளை மொழிகளை ஒப்பிட்டுப் பாத்து ஆராய்ச்சிக்காரங்க கட்டுன சொல்லு. துருக்கியில கெடச்ச களிமண் பலகையில, ஒரு பிள்ளை மொழியில, எஸ்ஹர்னே இருக்காம். சமஸ்கிருதத்துல அஸ்ருக், லாட்வியாவுல அசின்ஸ். தாய்மொழிச் சொல்லு நேரடியா கெடைக்காததால முன்னால ஒரு நட்சத்திரம் போடுறாங்க."

"அப்ப இரத்தம்?"

"அதுக்கு சாயம் ஏறினது, செவந்ததுன்னு அர்த்தம். பட்டப்பேரு மாதிரி. பிறகு அதுவே நெலைச்சிருச்சு."

"நம்ம குருதி அந்தக் குடும்பத்துல இல்லையே?" வாத்தியார் நெஞ்சை நிமிர்த்தினார்.

"இல்லை சார், அது தனி வீடு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. முனியாண்டிக்கோ வேறு கவலை. "அந்த எஸ்ஹரை எப்படி சொல்றது?"

"நடுவுல வர்ற ஹ தொண்டையிலேருந்து வரணுமாம். சரியா எப்படின்னு அவங்களுக்கே தெரியலையாம்."

அவர் முயன்றார். காறித் துப்பப்போகிறவர் போலிருந்தது. வாத்தியார் திருத்தப்போய்த் தும்மினார். வரிசையில் நின்ற அக்காமார் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிப் பார்த்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் நாங்கள் பெயர் எழுத ஆரம்பித்தோம். ஆறு கட்டிலும் நிறைந்தன. மோட்டார் சைக்கிளில் போனவர்கள்கூடப் போன் அடித்ததும் திரும்பி வந்தார்கள். பேனரை யாரும் தொடவில்லை.

பதினோரு மணிக்குப் பார்த்தேன். முனியாண்டியைக் காணோம். தேடிப் போனால், டோனர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுக்கும் மேசைக்குப் பின்னால், வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்.

"மிஸ்ஸி, வெளிய சொல்லாதீங்க. எனக்கு ஊசின்னா பயம் லா. வாத்தியாரோட சண்டைய விட்டா நம்மள படுக்க வச்சிருவாங்கன்னுதான் வாய் வளத்தேன்."

"சும்மா வந்து படுங்க அண்ணே. ஒண்ணும் செய்ய வேணாம், எஸ்ஹர் மட்டும் சொல்லுங்க. ஹ இன்னும் ஆழத்துலேருந்து வரணும்."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். இன்னும் ஆழமாக என்றேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த வாத்தியார், "இல்ல இல்ல, நாக்கைத் தளர்த்துங்க" என்று பாடம் எடுத்தார். நரம்பு தடிமனாக இருந்தது. பதினாறு கேஜ் என்ற பருத்த ஊசி ஒரே குத்தில் ஏறியது.

"எப்பத்தான் குத்துவீங்க?" என்றார் முனியாண்டி.

"பாதி பேக் நெறஞ்சிருச்சு அண்ணே."

அவர் போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. பிறகு கட்டில் குலுங்கச் சிரித்தார். கையை அசைக்காதீங்க என்று கத்தினேன். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் ஓ குரூப்.

அன்று நான் கற்றுக்கொண்டது இதுதான். பயந்து கிடப்பவரிடம் பயப்படாதீர்கள் என்று சொல்லிப் பிரயோசனமில்லை. அவர் வாய்க்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். யாருமே சரியாகச் சொல்லத் தெரியாத சொல்லாக இருந்தால் இன்னும் நல்லது.