உயரம் வருமுன் திரும்பக் கூடாது

இதை எழுத எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். பத்தாவது வரை படித்தவள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறேன். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் விமானத்தைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். தப்பு இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் ராணுவ விமானியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை லீவில் வந்தவள் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. ஒரு பரீட்சையில் தோற்றிருந்தாள். இன்னும் ஒரு வாய்ப்புதான். அதிலும் போனால் விமானம் ஓட்டுகிற பிரிவிலிருந்தே எடுத்துவிடுவார்கள்.

மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுகிற பரீட்சை அது. கிளம்புமுன் எல்லாவற்றையும் திட்டம் போட வேண்டுமாம். போகிற ஊரில் வானிலை கெட்டால் வேறு எங்கே இறங்குவது, அதுவரைக்கும் எண்ணெய் போதுமா, மேலே ஏறும்போது எந்த உயரம் வரை நேராகப் போக வேண்டும். அந்த உயரம் வருமுன் திரும்பினால் பக்கத்து மலையில் மோத வேண்டியதுதான். இவள் திட்டமெல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். விமானம் போலவே செய்துவைத்த சிமுலேட்டரில் உட்கார்ந்து ஏறிக்கொண்டிருந்தபோது, பரீட்சை வைத்த அதிகாரியே கண்ட்ரோல் டவர் மாதிரி பேசி, "இப்போதே வலது பக்கம் திரும்பு" என்றிருக்கிறார். இவள் சரி என்று திரும்பிவிட்டாள். மலை.

"ரூல் தெரியாதாம்மா உனக்கு?" என்றேன்.

"மனப்பாடமா தெரியும். உயரம் வரலன்னா 'அனேபிள்'னு சொல்லணும். முடியாதுன்னு அர்த்தம். ஏன் முடியாதுன்னும் சொல்லணும். பெரியவரு அதட்டிச் சொன்னாரு, வாய் வரலம்மா."

மொட்டை மாடியில் பழகிப் பார்க்கலாம் என்றாள். தண்ணீர்த் தொட்டிதான் மலை. அவள் உயரத்தை வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடப்பாள். பாதியில் நான் டவராக இருந்து திரும்பச் சொல்ல வேண்டும்.

"கொஞ்சம் ரைட்ல திரும்புறியாம்மா?" என்றேன்.

"டவர் இப்டியா கெஞ்சும்? அதட்டும்மா!"

அதட்டினேன். உடனே "சரிம்மா" என்று திரும்பி, நேராகத் தொட்டியில் போய் முட்டிக்கொண்டாள்.

பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பாய் வீட்டு அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாக்கா இது கூத்து?" என்றாள். சொன்னேன். ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து நின்று, "ஏய் பொண்ணு, ரைட் எடு!" என்று கத்தினாள்.

"சரி ஆன்ட்டி." மறுபடியும் தொட்டி.

"யா அல்லா! எது சொன்னாலும் செய்றாளே. இவள மருமகளா கட்டிக்க லைன்ல நிப்பாங்கக்கா. ப்ளேன் மட்டும் குடுத்துடாதீங்க."

மூன்று பேரும் சிரித்தோம். முதலில் சிரிப்பை நிறுத்தியது என் மகள்தான். 'சொன்ன பேச்சைத் தட்டமாட்டாள்' என்று பள்ளிக்கூடத்திலும் சொந்தக்காரர்களிடமும் நல்ல பெயர் வாங்கிய பெண். அந்தப் பெயரில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது!

அன்று முதல் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். நான் எது சொன்னாலும் முடியாது என்று சொல்ல வேண்டும், காரணத்தோடு.

"தண்ணி புடிச்சிட்டு வா."

"முடியாதும்மா. கை மாவா இருக்கு."

"கடைக்குப் போய்ட்டு வா."

"முடியாது. வெயில் ஜாஸ்தி."

பக்கத்து வீட்டம்மாவும் விடவில்லை. மகளே என்று உருதுவில் கூப்பிட்டு, "பேட்டி, கொஞ்சம் உப்பு குடு" என்று சுவருக்கு மேலே கிண்ணத்தை நீட்டுவாள்.

"முடியாது ஆன்ட்டி, இன்னும் உயரம் வரல!"

"அடிப்பாவி, கொழம்பு அடுப்புல கொதிக்குதுடி!"

விளையாட்டுதான். ஆனாலும் தலைவலி என்று நான் நிஜமாகவே காபி கேட்டபோது அவள் முடியாது என்றாள். சுருக்கென்றது. அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு என்னைவிட வலித்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் காபி வந்தது.

லீவு முடிந்து அவள் கிளம்பியபோது ஸ்டேஷனுக்கு நான்தான் கூடப் போனேன். ரயில் வருகிற சத்தம் கேட்டதும் என்னையும் மீறி, "இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போயேன்" என்றேன். பயிற்சிக்காகக் கேட்கவில்லை, மனசாரக் கேட்டேன்.

"முடியாதும்மா. பரீட்சை இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு பையின் வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

பரீட்சை நாளன்று தையல் லைனில் ஊசி இரண்டு முறை உடைந்தது. சாயங்காலம் போன் வந்தது. அதே அதிகாரி, அதே இடத்தில், திரும்பு என்றாராம். அனேபிள், உயரம் போதவில்லை என்றாளாம். அவர் இன்னும் சத்தமாக, சொன்னதைச் செய் என்றாராம்.

"மறுபடியும் அதையே சொன்னேன். உயரம் வந்ததும்தான் திரும்பினேன்."

"அப்புறம்?"

"பாஸ் போட்டுட்டாரு."

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் அங்கே மேகம் மிகவும் தாழ்வாக இருந்ததால் பயிற்சியில் இருந்த யாரையும் பறக்க விடவில்லை. மேகத்துக்குள் ஓட்டப் பாஸான என் மகள் உட்பட எல்லோரும் வகுப்பறையில் உட்கார்ந்திருந்தார்களாம்.