ஒரு தடவைக்கு ஒரு குறை

விண்ணப்பத்திலிருந்த குறைகளைச் சுற்றி நான் பென்சிலால் போட்டிருந்த ஐந்து சுழிகளில் நான்கைக் கண்காணிப்பாளர் ரப்பரால் அழித்தார். தூளைக் கையால் தட்டிவிடவில்லை. தாளைச் சாய்த்துப் பிடித்து மெல்ல ஊதினார். பிறகு அந்த விண்ணப்பத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்து, மிச்சமிருந்த ஒரே சுழியின் மேல் விரலை ஊன்றி, "ஒரு தடவைக்கு ஒண்ணு போதும்மா" என்றார். குரலில் கண்டிப்பே இல்லை. பந்தியில் எல்லாவற்றையும் ஒரே இலையில் கொட்டிவிட்ட புதுப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்வதுபோல அவ்வளவு பக்குவமாகச் சொன்னார். அந்த ஊதலை நினைத்தால் இன்றும் எனக்கு முகம் சுளிக்கிறது.

நான் வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் அது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். தேர்வு எழுதியபோது மகள் வயிற்றில் இருந்தாள்; பணி ஆணை கைக்கு வந்தபோது அவளுக்குப் பதினொரு மாதம். சோழவரத்தில் எங்கள் தெருவிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அக்காவிடம் அவளை விட்டுவிட்டுப் பேருந்து ஏறுவேன். ஏறியதுமே, காஸை மூடினேனா, பால் புட்டியைக் கொதிநீரில் போட்டேனா என்று கவலை தொடங்கிவிடும். அலுவலகத்திலும் அதே குணம்தான். ஒரு தாளை மூன்று தரம் பார்ப்பேன். அதனால்தான் ஒரு விண்ணப்பத்தில் ஐந்து குறை இருந்தால் ஐந்தும் என் கண்ணில் பட்டுவிடும்.

கண்காணிப்பாளர் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. வந்தவர்களிடம் ஒரு டீகூட வாங்கிக் குடிக்கமாட்டார். ஒருமுறை பட்டா வேலை முடிந்த விவசாயி ஒருவர் நன்றிக்காக ஒரு பை கொய்யாப்பழத்தை மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போனபோது, பேருந்து நிறுத்தம் வரை தானே தூக்கிக்கொண்டு ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கதையை ஊரே சொல்லும். அவருடைய மேசைமேல் ஒரு தாள்கூட நிற்காது. சட்டை மடிப்புக் கலையாது. சாப்பிட்டால் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்துத்தான் பையில் வைப்பார். இவ்வளவு சுத்தமான மனிதரைப் பார்த்து எனக்கு அருவருப்பு வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

அவருடைய கணக்கு எளிமையானது. விண்ணப்பம் கணினியில் வரும். நாங்கள் அச்செடுத்துச் சரிபார்ப்போம். குறை இருந்தால், அதை எழுதித் திருப்பி அனுப்பலாம். அப்படி அனுப்பினால் அது "பைசல்", அதாவது எங்களைப் பொறுத்தவரை முடிந்துபோன விஷயம். குறையைச் சரிசெய்து மறுபடி போட்டால் புது எண், புது வரவு. ஆகவே ஐந்து குறையை ஒன்றாக எழுதினால் ஒரு பைசல். ஒவ்வொன்றாக எழுதினால் ஐந்து. மாதக் கடைசிக் கூட்டத்தில் எங்கள் பிரிவுக்குத்தான் எப்போதும் பாராட்டு. "நம்ம டேபிள்ல நிக்கக் கூடாதும்மா. அவங்க கையில இருந்தா அது அவங்க பெண்டிங்" என்பார். எந்த விதியிலும் இது தப்பில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

வாரிசுச் சான்றிதழ் கேட்டு அந்தப் பெண் வந்தபோது நான் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். இடுப்பில் என் மகள் வயதில் ஒரு பெண் குழந்தை, பிளாஸ்டிக் கவரின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. அவள் கணவன் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். ஷிப்ட் முடிந்து வரும்போது நெடுஞ்சாலையில் லாரி மோதிச் செத்துப்போனான். அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குக் கேன்டீனில் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் வாரிசுச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் ஒன்றாம் தேதி வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். இதையெல்லாம் நான் கேட்காமலே சொன்னாள். "கேன்டீன் வேலைன்னா புள்ளைய பக்கத்துலயே வெச்சிக்கலாமாம் மேடம். வேற எங்க போனாலும் யார்கிட்ட உட்டுட்டுப் போறது?" என்றாள். மாதக் கடைசிக்கு அப்போது இருபத்தாறு நாள் இருந்தது.

அவளுடைய தாள்களிலும் ஐந்து குறை. குழந்தையின் பிறப்புச் சான்று நகல் தெளிவில்லை. அக்கம்பக்கத்தார் இருவரின் கையெழுத்து இல்லை. மாமியாரும் ஒரு வாரிசு என்பதால் அவருடைய ஆதார் நகல் வேண்டும். திருமணம் நடந்த கோயிலின் சான்று வேண்டும். கணவன் பெயர் ஊரிலிருக்கும் பழைய ரேஷன் அட்டையிலிருந்து நீக்கப்பட்டதற்கான தாள் வேண்டும். முதல் இரண்டையும் இங்கேயே வாங்கிவிடலாம். மற்ற மூன்றும் பள்ளிப்பட்டில். மாவட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மூன்று பேருந்து மாறிப் போக வேண்டும்.

ஒன்றே ஒன்றை எழுது என்றது கண்காணிப்பாளர். எதை எழுதுவது என்று தீர்மானித்தது நான். பாவம், கைக்குழந்தைக்காரி என்று மிகச் சுலபமானதை முதலில் எழுதினேன். அதைக் கருணை என்றே நினைத்துக்கொண்டேன். பள்ளிப்பட்டை முதல் நாளே சொல்லியிருந்தால், அங்கே போனவள் தன் புத்தியில் மற்றதையும் விசாரித்துக்கொண்டு வந்திருப்பாள். கஷ்டத்தைப் பின்னால் தள்ளித் தள்ளி வைத்தேன். அவளிடம் நாள் இல்லாத இடத்துக்கு அதைத் தள்ளிக்கொண்டு போனேன்.

பிறப்புச் சான்று வந்தது. பிறகு அக்கம்பக்கத்தார் கையெழுத்து வந்தது. பதினைந்து நாள் ஓடியிருந்தது. மூன்றாம் முறை நான் மாமியாரின் ஆதாரைக் கேட்டபோது அவள் சிரித்தாள். "இன்னா மேடம், போன வாட்டி இதான் கடைசின்னு நெனச்சேனே." பக்கத்தில் கோப்பு கட்டிக்கொண்டிருந்த அலுவலக உதவியாளர் அம்மா, "உன் ஊட்டுக்காரன் பேரு எங்க எல்லாருக்கும் மனப்பாடம் ஆயிடுச்சிம்மா. அடுத்த வாட்டி நானே படிவம் எழுதிக் குடுத்துடறேன்" என்றார். அவளும் விடவில்லை. "எழுதுங்கக்கா. உசுரோட இருந்தப்ப அந்தாளு பேர யாரும் இத்தினி வாட்டி கூப்புடல." எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

நான்காம் முறை அவள் வந்தபோது கண்காணிப்பாளர் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார். "வெயில்ல வந்திருக்காங்க, தண்ணி குடுங்க" என்றார். அவள் பள்ளிப்பட்டுப் பயணத்தைச் சொன்னாள். மாமியார் ஆதாரைத் தர யோசித்தாராம். "'எம் புள்ள நைனா போயி ரெண்டு மாசம் ஆவல, அதுக்குள்ள காயிதம் கேட்டுக்கினு வந்துட்டியா'ன்னு அழுவுது மேடம். மறுக்கா எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது? நல்லவேள, இனிமே போவ வேணாம்" என்றாள். மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது. பாக்கியிருந்த இரண்டு குறையும் பள்ளிப்பட்டில்தான் இருந்தன. இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் ஒரே பயணம், தேதிக்குள் முடிந்துவிடும். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டையும் எழுதினேன். மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் சோழவரத்து அக்கா கைப்பேசியில் கூப்பிட்டார்; மகளுக்கு ஜுரம். நான் பேசியதைக் கேட்டுக் கண்காணிப்பாளர் எழுந்து வந்தார். "கொழந்தைக்கு முடியலையா? நீ மூணு மணிக்கே கெளம்பும்மா. நான் பாத்துக்கறேன்" என்றார். தினமும் அரை மணி முன்னால் நான் கிளம்ப அனுமதித்தவர் அவர். என் தகுதிகாண் பருவம் முடிந்தது என்று எழுதித் தர வேண்டியவரும் அவர்தான். அவர் என்னை மிரட்டவில்லை. அந்தத் தாளை அவர் பார்க்கக்கூட இல்லை. நான்தான் அதைக் கைப்பைக்குள் போட்டேன். கோயில் சான்று மட்டும் வேண்டும் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அழகான கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அவள் வாங்கிப் படித்துவிட்டுக் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். இந்தமுறை சிரிக்கவில்லை.

மகளுக்கு அன்று மாலையே ஜுரம் இறங்கிவிட்டது. அவளைத் தொடுவதற்கு முன் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். எப்போதும் கழுவுவேன்தான், தொழிற்பேட்டைத் தூசி என்று பயம். அன்று கழுவியது தூசிக்காக இல்லை.

அவள் கோயில் சான்றோடு வந்தாள், நான் ஐந்தாவதைக் கேட்டேன், அவள் மறுபடியும் பள்ளிப்பட்டு போனாள். எல்லாம் சரியாகி வந்தபோது அடுத்த மாதம் நான்காம் தேதி. கண்காணிப்பாளர் அன்றே மேலே அனுப்பி, சாயங்காலத்துக்குள் கையொப்பம் வாங்கிவிட்டார். "முழுசா இருந்தா நாம ஒரு நாள்கூட வெச்சிக்கறதில்ல, பாத்தியா?" என்று பெருமையோடு சொன்னார். அதற்கு முன் நடந்த மாதக் கடைசிக் கூட்டத்திலும் எங்கள் பிரிவுக்குத்தான் பாராட்டு. அதில் அவளுடைய பங்கு ஐந்து பைசல். கேக் வெட்டினார்கள். என் துண்டைப் பேப்பர் தட்டோடு குப்பையில் போட்டேன்; யாராவது பார்த்தார்களோ என்று அதற்கும் பயந்தேன்.

சான்றிதழ் கைப்பேசியிலேயே வந்துவிடும், அவள் வந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு வாரம் கழித்து வந்தாள். கேன்டீன் வேலைக்கு ஒன்றாம் தேதியே வேறொருவரை எடுத்துவிட்டார்கள் என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் எழுதித் திருப்பிய ஐந்து தாள்களையும் வரிசையாகப் பின் அடித்து வைத்திருந்தாள். அதை என் மேசைமேல் வைத்து, "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. இந்த அஞ்சும் வோணும்னு மொத நாளே உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

கண்காணிப்பாளர் தன் இடத்தில் இல்லை. அதை நான் எழுதியாக வேண்டும். அறையில் யாருமே இல்லை. உண்மையைச் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

"இல்லம்மா. ஒவ்வொண்ணா பாக்கும்போதுதான் தெரிய வரும்" என்றேன்.

 அவள் தலையை ஆட்டினாள். "அதான பாத்தேன். எங்க அண்ணி, 'அவளுங்களுக்கு எல்லாம் தெரியும், வேணும்னே அலைய உடறாளுங்க'ன்னு சொல்லுச்சி. நான்தான் சண்ட போட்டேன். தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க. நீங்களும் புள்ளக்காரிதானே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது திருவள்ளூருக்கு மாற்றலாகி மணவாள நகரில் குடியிருக்கிறேன். மகள் முதல் வகுப்பு படிக்கிறாள். கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய பிரிவுபசார விழாவில் எல்லோரும் அவர் கை சுத்தத்தைப் பற்றிப் பேசினார்கள். நானும் இரண்டு நிமிடம் பேசினேன், கைதட்டினார்கள். இங்கே ஐந்து குறை இருந்தால் ஐந்தையும் ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். அதனால் பைசல் எண்ணிக்கையில் மாதாமாதம் நான்தான் கடைசி, "வேலையே செய்யறதில்லையா மேடம்?" என்று கூட்டத்தில் கேட்கிறார்கள். நீளமான பட்டியலைப் பார்த்துப் பயந்துபோய்ச் சிலர் திரும்பி வருவதே இல்லை. இதுவும் தப்போ என்று அதற்கொரு கவலை. ஆனால் இது எதுவும் திருந்திவிட்டேன் என்பதற்குச் சாட்சி ஆகாது. அவளுடைய கைப்பேசி எண் என்னிடம் இருக்கிறது. இத்தனை வருடத்தில் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூட அழைத்ததில்லை.

எங்கேயோ ஏதோ ஒரு கம்பெனி வாசலில் பெண்கள் நின்று அரசு அலுவலகங்களைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, "எல்லாரும் அப்டி இல்ல, எனக்கு ஒரு மேடம் இருந்தாங்க" என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பாள். நிச்சயம் சொல்வாள். எனக்குக் குமட்டுவது அதை நினைக்கும்போதுதான்.