மஞ்சள் கோட்டு போட்ட மகள்

வீட்டில் அவளுக்குப் புயல் என்று பெயர். பெற்றவள் வைத்த பட்டப்பெயர். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் மாதிரி வருவாள், தட்டில் இருப்பதை நின்றபடியே விழுங்குவாள், ஓடிவிடுவாள். அம்மா ஒரு பேச்சை ஆரம்பித்தால் மிச்சத்தைக் கதவுதான் கேட்கும்.

அவளைக் கல்லூரி மடக்கிப் பிடித்தது. சமூக சேவை செய்ததாகச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் பட்டம் என்றது. ஊரில் கஷ்டத்துக்கா பஞ்சம் என்று கிளம்பினாள். பஞ்சம்தான். ஊரில் இருக்கிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதே சான்றிதழ் வேண்டியிருந்தது. பூங்காவைச் சுத்தம் செய்யப் போனால், ஒரு குழு சாக்கில் சருகு கொண்டுவந்து கொட்டுகிறது, அடுத்த குழு அதைக் கூட்டி அள்ளுகிறது. முதியோர் இல்லத்தில் செய்தித்தாள் படித்துக் காட்டப் போனால், பெரியவர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"காலையிலேருந்து வந்தவங்க எல்லாரும் அதையேதான்மா படிச்சாங்க. எனக்கு மனப்பாடம். வேணும்னா உட்காரு, நான் உனக்குச் சொல்றேன்."

கடைசியில் தொண்டர் மையத்துக்குப் போனாள். அதை நடத்துகிறவர் கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், எதற்கெடுத்தாலும் ஊதுவார். அதனால் விசில் அண்ணன்.

"எங்க வீட்டுலயே ஆள் இருக்குண்ணே," என்றாள் புயல். "மருந்துக்கடையில நின்னு நின்னு எங்கம்மாவுக்கு முட்டி தேஞ்சுபோச்சு. அவங்களைப் பார்த்துக்கிட்டா கணக்குல சேருமா?"

விசில் அண்ணன் பதறிப்போனார். "சொந்த வீட்டுல செஞ்சா அது வேலைம்மா. அடுத்த வீட்டுல செஞ்சாத்தான் சேவை."

ஆனாலும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. உதவி செய்ய ஆள் மலிந்து, உதவி வாங்க ஆள் இல்லாத மையம் அது. அம்மாவை அங்கேயே பயனாளியாகச் சேர்த்துவிட்டு விசிலை ஊதினார். மூலையிலிருந்து ஒரு பெண் ஆடி அசைந்து எழுந்து வந்தாள். அவளை எல்லாரும் ஆமை என்று கூப்பிடுவார்கள். அவளுடைய அம்மா தையல்காரர், கை முறிந்து கட்டுப் போட்டிருந்தார். விசில் அண்ணன் பெண்கள் இருவருக்கும் தொண்டர்கள் போடும் மஞ்சள் கோட்டை ஆளுக்கொன்று கொடுத்தார். புயல் ஆமையின் வீட்டுக்கு, ஆமை புயலின் வீட்டுக்கு. தப்பித்தவறிக்கூட யாரும் சிரிக்கவில்லை.

தினமும் மத்தியானம் நாற்சந்தியில் இருவரும் சாவி மாற்றிக்கொள்வார்கள்.

"எங்கம்மாவுக்கு முட்டியில ஒத்தடம் கொடுத்துடு," என்பாள் புயல்.

"எங்கம்மாவுக்குத் தலை சீவிவிடு, அவங்களால முடியாது," என்பாள் ஆமை.

தையல்காரம்மா புயலைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். "என் பொண்ணு ஒரு தம்ளர் கழுவமாட்டா. உன்னைப் பெத்தவ புண்ணியம் பண்ணியிருக்கணும்." புயலைப் பெற்றவளோ ஆமையின் புராணமே பாடிக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு எப்படி உட்கார்ந்து கேக்குது தெரியுமா!" புயலுக்கு வயிறு எரிந்தது.

அம்மாவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். இனியும் தள்ளிப்போட்டால் நடையே நின்றுவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அம்மா பிடிகொடுக்கவில்லை. "காலை வெட்டியா எடுக்கப் போறாங்க?" என்று புயல் கத்தியும் பார்த்தாள். ஏன் வேண்டாம் என்று மட்டும் அம்மா சொல்லவே இல்லை.

"உன்கிட்ட ஏதாவது சொன்னாங்களா?" என்று நாற்சந்தியில் ஆமையை மடக்கினாள்.

"சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"பயனாளி தொண்டர்கிட்ட சொன்னதை வெளியாள்கிட்ட சொல்லக்கூடாது. விதி."

"நான் மகள்டீ!"

"அதான் சொல்றேன். நீ அவங்களோட தொண்டர் இல்லையே."

புயலுக்குச் சுருக்கென்று தைத்தது. கையிலிருந்த சாவியை ஆமையிடமே திருப்பிக் கொடுத்தாள். "இன்னைக்கு நீ உங்க வீட்டுக்குப் போ. நான் எங்க வீட்டுக்குப் போறேன்."

"கணக்குல சேராதே!"

"சேராட்டி போகுது."

சொந்த வீட்டு வாசலில் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு அழைப்பு மணியை அழுத்தினாள். பிறந்ததிலிருந்து அந்த மணியை அவள் அழுத்தியதே இல்லை. அம்மா நொண்டி நொண்டி வந்து திறந்தாள். கோட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"வாம்மா. புதுப் பொண்ணா? உட்காரு."

புயல் உட்கார்ந்தாள். "ஆபரேஷன் வேணாங்கறீங்களாமே, ஏம்மா?"

"பயந்தான். வலிக்கு இல்ல," என்றாள் அம்மா, முட்டியைத் தடவிக்கொண்டே. "மயக்கம் தெளிஞ்சு கண்ணு முழிக்கிறப்போ பக்கத்துல ஒரு மஞ்சள் கோட்டு நிக்கும். நல்ல பொண்ணாத்தான் இருக்கும். என் பொண்ணு எவ வீட்டுலயோ பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருப்பா. அதைப் பார்க்கறதுக்குப் பதிலா நான் இப்படியே நொண்டிட்டுப் போறேன்."

"உங்க பொண்ணு வருவா."

"வருவா. வந்து நின்னுட்டு ஓடிடுவா. உட்காரமாட்டா."

புயல் கோட்டைக் கழற்றப் போனாள். "அம்மா, நான்தாம்மா."

"தெரியாமலா கதவைத் திறந்தேன்?" அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அதைக் கழட்டாதே. ஆமைப் பொண்ணு இதைப் போட்டுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பா."